கிடங்குத் தொழிலாளியின் வோட்டு

தாம்பரம் ரெயில்வே ஸ்டேஷனில் மேற்குப் பக்கமாக இறங்கி முடிச்சூர் சாலையோடு போகிறவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படாமல் இராது. வீடுகளையும் கடைகளையும் பள்ளிக்கூடங்களையும் தாண்டிச் செல்லச் செல்ல, மனிதர்களைக் காட்டிலும் பண்டங்களே அதிகமாகப் பிரயாணம் செய்கின்றன என்று தோன்றும். முடிச்சூரை ஒட்டிச் செல்லும் வெளிவட்டச் சாலை, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரையில் 62 கிலோமீட்டர் நீளமுள்ளது. வண்டலூரிலிருந்தே புறப்படும் மற்றொரு சாலை மண்ணிவாக்கம், படப்பை, ஒரகடம் என்று ஊர் ஊராகக் கடந்து வாலாஜாபாத்துக்குப் போகிறது. இரண்டிலும் இரவென்றும் பகலென்றும் இல்லாமல் லாரிகள் ஓடுகின்றன. அந்த லாரிகள் சென்று நிற்குமிடம் கிடங்கு. அதாவது ஜனங்கள் வழக்கமாகச் சொல்லுகிற குடோன்.

குடோன் என்றவுடன் நம்மில் வயதானவர்களுக்கு நெல் மூட்டையும் சாக்கு வாசனையும் நினைவுக்கு வரும். இந்நாளைய கிடங்கு வேறு ஜாதியைச் சேர்ந்தது. பல ஏக்கர் பரப்பில் ஒரே கூரை. அதனுள்ளே ஆகாயத்தை எட்டும் அலமாரிகள். வந்த பண்டத்தை இறக்குகிறவர், எண்ணுகிறவர், அடுக்குகிறவர், கேட்ட பண்டத்தைத் தேடி எடுக்கிறவர், பொட்டலம் கட்டுகிறவர், லாரியில் ஏற்றுகிறவர் என்று ஆணும் பெண்ணுமாக எத்தனையோ பேர் அங்கே நின்றபடியே வேலை செய்கிறார்கள். நம் வீட்டு வாசலுக்கு வரும் பொட்டலங்கள் பல இத்தகைய கைகளைக் கடந்தே வருகின்றன.

அந்தக் கைகளுக்கு உரியவர்கள் ஒன்றுகூடி, "எங்களுக்காகப் பேச இந்தச் சங்கம் இருக்கிறது, இதனோடு பேசுங்கள்" என்று முதலாளியிடம் சொன்னால் என்ன நடக்கும்? "நீங்கள் எத்தனை பேர்?" என்று முதலாளி கேட்பார். அந்தக் கேள்விக்கு நியாயமான விடை காண்பது எப்படி என்பதே இன்று நாம் எழுதப் புகுந்த விஷயம்.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு

சங்கத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு காரியங்களைப் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று பதிவு, மற்றொன்று அங்கீகாரம். பதிவு என்பது குழந்தைக்குப் பெயரிடுவது போன்றது. சர்க்கார் கணக்கில் பெயர் ஏறிவிடும், அவ்வளவுதான். அங்கீகாரம் என்பது பந்தியில் இலை போடுவது போன்றது. பெயர் பெற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் கலியாண வீட்டில் இலை கிடைத்துவிடுவதில்லை என்பது நேயர்கள் அறியாததல்ல.

பெயரிடுவதே சில சமயம் பெரும்பாடாகிவிடும். முடிச்சூருக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஸாம்ஸங் தொழிற்சாலையில் 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கிய வேலை நிறுத்தம் அக்டோபர் 15 வரையில் 37 நாட்கள் நடந்தது. சம்பள உயர்வு முதலிய கோரிக்கைகளோடு, சங்கத்தைப் பதிவு செய்வதும் அங்கே முக்கியமான வழக்காயிருந்தது. சென்னை ஹைகோர்ட்டு வரையில் விஷயம் சென்ற பிறகு, 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. பதிவுக்கே இத்தனை என்றால், அங்கீகாரத்துக்கு எத்தனை என்று ஊகித்துக்கொள்ளலாம்.

பெரம்பூரில் தொடங்கிய கதை

இந்தச் சங்கடம் புதிதன்று. தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்களுக்காக வ. உ. சிதம்பரம் பிள்ளை 1908-ல் வாதாடியபோதே, தேச விடுதலையும் தொழிலாளியின் உரிமையும் கைகோத்துக் கொண்டன. ஆயினும் ஒழுங்காக அமைந்த தொழிற்சங்கம் என்று நம் தேசத்தில் முதலில் பெயர் பெற்றது சென்னைத் தொழிலாளர் சங்கமே. பெரம்பூர்ப் பக்கத்தில் செல்வபதி செட்டியார், ராமாஞ்சுலு நாயுடு என்னும் இருவர் ஒரு பக்தி சபை நடத்திவந்தார்கள். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் அங்கே பிரசங்கம் கேட்க வருவார்கள். புராணம் கேட்க வந்தவர்கள் தங்கள் கஷ்டங்களையும் சொல்லலானார்கள். அதன் பலனாக 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சங்கம் தோன்றிற்று. பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தர முதலியார் துணை நின்றார்.

ஆலைக் கம்பெனி அந்தச் சங்கத்துக்கு இலை போடவில்லை. 1920-ல் வாடியா முதலியோர் மீது சென்னை ஹைகோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தது. தொழிலாளர்கள் வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. கோர்ட்டும் தடையுத்தரவு போட்டது. பிற்பாடு ஏற்பட்ட சமரசத்தின்படி வாடியா சங்கத்தைவிட்டு விலக நேர்ந்தது. சங்கம் நடத்தியதற்காகக் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்றால் யார் சங்கம் நடத்துவார்கள்? இந்தக் கேள்வி டில்லிச் சட்டசபை வரையில் எட்டி, என். எம். ஜோஷி முதலியோரின் முயற்சியால் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது.

அந்தச் சட்டம் ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. பதிவான சங்கத்தோடு முதலாளி பேசியே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. சுதந்திரம் வந்த 1947-ஆம் வருஷத்தில், அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கும் திருத்தம் ஒன்று நிறைவேறியது. ஆனால் அது எந்தத் தேதி முதல் அமலுக்கு வரும் என்பதைச் சர்க்கார் ஒருநாளும் அறிவிக்கவில்லை. ஓலை எழுதி முத்திரையும் குத்தி, பெட்டியில் வைத்துப் பூட்டிய கதைதான்!

1958-ல் முதலாளிகளும் தொழிலாளர் ஸ்தாபனங்களும் கூடி, கட்டுப்பாட்டு நெறி என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எந்தச் சங்கத்தில் அங்கத்தினர் அதிகம் என்பதைச் சர்க்கார் அதிகாரிகள் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். இதில் ஒரு தொல்லை இருந்தது. ஒரே தொழிலாளியின் பெயர் இரண்டு சங்கங்களின் புத்தகங்களிலும் இருக்கும். சந்தா செலுத்தாதவரின் பெயருக்கும் ரசீது இருக்கும். புத்தகத்தைக் கேட்டார்களே தவிர, மனிதனைக் கேட்கவில்லை.

உணவுக் கிடங்கில் வகுத்த முறை

மனிதனையே கேட்கும் முறை நம் நாட்டில் தெளிவாக வகுக்கப்பட்டது ஒரு கிடங்கு ஸ்தாபனத்தின் வழக்கில் என்பது சிறப்பு. அந்த ஸ்தாபனமும் சென்னைக்கு உறவுடையது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14-ஆம் தேதி தோன்றியபோது, அதன் தலைமை அலுவலகம் சென்னையில்தான் இருந்தது; முதல் ஜில்லா அலுவலகம் தஞ்சாவூரில் ஏற்பட்டது. தேசத்தின் அரிசியையும் கோதுமையையும் காக்கும் அந்தக் கழகத்தில், ஊழியர்களுக்காகப் பேச வேண்டிய சங்கம் எது என்ற தகராறு ஸுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

ரகசிய வோட்டெடுப்பே வழி என்று இரு தரப்பாரும் சம்மதித்திருந்தனர். அதை நடத்த வேண்டிய விதத்தைக் கோர்ட்டு படிப்படியாக எழுதித் தந்தது. மத்திய சர்க்காரின் பிரதம தொழிலாளர் கமிஷனர் மேற்பார்வையில் ஒரு தேர்தல் அதிகாரி நியமிக்கப்படுவார். கழகம் தன் ஊழியர்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அதுவே வோட்டர் பட்டியல். பட்டியலை எல்லாரும் காணும்படி ஒட்ட வேண்டும். சங்கங்களுக்கும் பிரதி தந்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு சின்னம். சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் போட வேண்டும். சட்டசபைத் தேர்தலைக் கண்ட நமக்கு இவையெல்லாம் பழகிய காரியங்களே.

இதன் அருமை, அதற்கு முன் நடந்த மற்றொரு முறையோடு ஒப்பிட்டால் விளங்கும். சங்கச் சந்தாவை முதலாளியே சம்பளத்தில் பிடித்துச் சங்கத்துக்குக் கொடுத்துவிடுவது அந்த முறை. கணக்கு சுலபம், சந்தேகமில்லை. ஆனால் யார் எந்தச் சங்கம் என்பது முதலாளிக்கு நன்றாகத் தெரிந்துவிடும். சம்பளம் கொடுக்கும் கைக்கு எதிரே நின்று சங்கத்தின் பெயரைச் சொல்லுவதற்கு எல்லாருக்கும் நெஞ்சுரம் வராது. திரைக்குப் பின்னே சென்று முத்திரை குத்துவதற்கு அவ்வளவு நெஞ்சுரம் தேவையில்லை. சாதுவான மனிதனும் தன் மனத்தில் உள்ளதைச் சொல்லக்கூடிய இடம் அது.

தாம்பரத்து ரெயில்வே குடும்பங்களுக்கு இது அன்னியமான விஷயமல்ல. கடற்கரை ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் 1931 முதல் மின்சார ரெயில் ஓடுகிறது. அன்று தொட்டே இது ரெயில்வேக்காரர்கள் ஊர். ரெயில்வேயில் சங்க அங்கீகாரத்துக்கான ரகசிய வோட்டெடுப்பு 2007-லும், 2013-லும், பிறகு 2024 டிசம்பர் 4 முதல் 6 வரையிலும் நடந்தது. பதிவான வோட்டில் நூற்றுக்கு 35, அல்லது மொத்த வோட்டர்களில் நூற்றுக்கு 30 பெற்ற சங்கத்துக்கு அங்கீகாரம். லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வோட்டுப் போட்டார்கள். ரெயில்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

அயல்நாட்டில் இரண்டு பாடங்கள்

தனியார் கிடங்குகளில் இதே வோட்டெடுப்பு எப்படி நடந்தது என்பதைப் பார்க்க நாம் கடல் கடந்து செல்லவேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் 1935-ஆம் வருஷத்துச் சட்டப்படி தொழிலுறவு வாரியம் என்ற சர்க்கார் ஸ்தாபனம் இத்தகைய வோட்டெடுப்புகளை நடத்துகிறது. அலபாமா மாகாணத்தில் பெஸ்ஸெமர் என்ற ஊரில் உள்ள அமேஸான் கிடங்கில் 2021-ல் தபால் மூலம் வோட்டெடுத்தார்கள். சங்கத்துக்கு ஆதரவாக 738, எதிராக 1,798. சங்கத்துக்குப் படுதோல்வி. ஆனால் வோட்டெடுப்பு நடந்த காலத்தில், கம்பெனியின் ஏற்பாட்டால் கிடங்கின் வாசலிலேயே புதிதாக ஒரு தபால் பெட்டி முளைத்திருந்தது. பெட்டி சர்க்கார் தபால் இலாகாவுடையதே. எனினும், தன் வோட்டை முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் அதனால் தொழிலாளிக்கு உண்டாகும் என்று வாரியத்தின் அதிகாரி தீர்மானித்து, மறு தேர்தலுக்கு உத்தரவிட்டார். 2022-ல் நடந்த மறு தேர்தலின் முதல் எண்ணிக்கையில் ஆதரவு 875, எதிர்ப்பு 993. ஆட்சேபத்துக்குள்ளாகி ஒதுக்கிவைத்த சீட்டுகள் 416. ஒரு தபால் பெட்டி நிற்குமிடங்கூட எவ்வளவு முக்கியம் பாருங்கள்!

அதே 2022-ல் நியூயார்க் நகரத்து ஸ்டேட்டன் தீவுக் கிடங்கில் 2,654 பேர் ஆதரவாகவும் 2,131 பேர் எதிராகவும் வோட்டளித்து, அமெரிக்காவின் அமேஸான் கிடங்குகளில் முதன் முதலாகச் சங்கம் வென்றது. வென்றபின்னும் கம்பெனி ஆட்சேபங்களைக் கிளப்பிற்று. சம்பள ஒப்பந்தம் எதுவும் கைக்கு வராத நிலையில், 2024 ஜூனில் அந்தச் சங்கம் டீம்ஸ்டர்ஸ் என்ற பெரிய சங்கத்தோடு இணைந்தது. வோட்டு கதவைத் திறக்கிறது. உள்ளே சென்று உட்கார்ந்து பேசுவது தனிக் காரியம்.

இரண்டாவது பாடம் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துக் கிடங்கில் கிடைத்தது. அங்கே ஜி.எம்.பி. சங்கம் 2023-ல் அங்கீகாரம் கேட்டு மனுச் செய்து, பிறகு தானே வாபஸ் வாங்கிக்கொண்டது. புதிதாக ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வேலைக்குச் சேர்த்துத் தங்கள் பலத்தைக் கம்பெனி நீர்க்கச் செய்துவிட்டது என்பது சங்கத்தின் புகார். கம்பெனி அதை மறுத்தது. மறுபடியும் முயன்று 2024 ஜூலையில் வோட்டெடுப்பு நடந்தபோது, ஆதரவு நூற்றுக்கு 49.5. 28 வோட்டு வித்தியாசத்தில் அங்கீகாரம் கைநழுவிற்று. பாலில் தண்ணீர் கலந்ததா இல்லையா என்பது அவர்கள் வழக்கு. நாம் கற்கவேண்டியது, பட்டியலின் நீளமே முடிவை மாற்றிவிடக் கூடும் என்பது.

பட்டியலில் யார்?

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 2020-ஆம் வருஷத்துத் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-ஆம் தேதி அமலுக்கு வந்து, 1926-ஆம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1947-ல் பெட்டியில் பூட்டிய ஓலை ஒருவாறு வெளியே வந்திருக்கிறது. ஸ்தாபனத்தில் பல சங்கங்கள் இருந்தால், ஆஜர் பட்டியிலுள்ள தொழிலாளர்களில் நூற்றுக்கு 51 பேருடைய ஆதரவு பெற்ற சங்கத்தை முதலாளி பேச்சுவார்த்தைச் சங்கமாக ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தச் சங்கத்துக்கும் அவ்வளவு ஆதரவு இல்லாவிட்டால், நூற்றுக்கு 20-க்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களின் பிரதிநிதிகள் கொண்ட சபையோடு பேச வேண்டும். இந்த ஏற்பாடு மூன்று வருஷம் செல்லும். இரு தரப்பும் சம்மதித்தால் ஐந்து வருஷம் வரையில் நீடிக்கும்.

கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் "ஆஜர் பட்டியிலுள்ள தொழிலாளர்கள்" என்ற வார்த்தைகளை நேயர்கள் மறுபடியும் வாசிக்க வேண்டும். யாருடைய ஆஜர் பட்டி?

கிடங்கு ஒரு கம்பெனியுடையது. பண்டம் மற்றொரு கம்பெனியுடையது. வேலை செய்கிறவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒரு காண்டிராக்டர். சில இடங்களில் காண்டிராக்டர்கள் மூவர், நால்வர். ஒரே கூரையின்கீழ், ஒரே சீட்டியொலிக்கு எழுந்து, ஒரே அலமாரி வரிசையில் தோளோடு தோள் நின்று வேலை செய்கிறவர்கள் வெவ்வேறு பட்டிகளில் பெயர் கொண்டவர்களாயிருக்கிறார்கள். கிடங்கின் சொந்தப் பட்டியை எடுத்துப் பார்த்தால் மேஸ்திரியும் குமாஸ்தாவும் இருப்பார்கள். மூட்டை தூக்கிய லோடுமேனைக் காணோம். இப்படிப்பட்ட பட்டியைக் கொண்டு எவ்வளவு யோக்கியமாக வோட்டெடுத்தாலும், அந்த முடிவை அக்கிடங்கின் குரல் என்று எப்படிச் சொல்லுவது?

இது கற்பனைச் சங்கடமல்ல. வோட்டு முறையை நமக்குத் தந்த உணவுக் கழகத்து வழக்கே சாட்சி. அந்த வோட்டெடுப்பு கழகத்தின் ஊழியர் விதிகளுக்கு உட்பட்ட மூன்றாம், நான்காம் வகுப்புப் பணியாளர்களுக்காக ஏற்பட்டது. மூட்டை சுமந்தவர்களோ கழகத்தின் நிரந்தரத் தொழிலாளர், கழகமே நேராகக் கூலி கொடுப்பவர், வேலையில்லாவிடில் கூலியில்லை என்ற ஏற்பாட்டில் வருபவர், காண்டிராக்டரின் ஆட்கள் என்று நான்கு வகையாய்ப் பிரிந்து கிடந்தார்கள். மூட்டை ஒன்றே, முதுகுதான் நான்கு ஜாதி!

காண்டிராக்ட் தொழிலாளரைப் பற்றிப் புதிய சட்டங்களில் மற்றொன்றில் ஒரு விதி இருக்கிறது. ஸ்தாபனத்தின் பிரதான தொழிலில் காண்டிராக்ட் ஆட்களை வைக்கலாகாது என்பது பொது விதி. எவை பிரதான தொழில் ஆகா என்று சொல்லுமிடத்தில், துப்புரவு, காவல், உணவு விடுதி முதலியவற்றோடு ஏற்றி இறக்கும் வேலையும் இடம்பெறுகிறது. ஸ்தாபனமே அந்த வேலைக்காக ஏற்பட்டதாயிருந்தால் இந்த விலக்கு செல்லாது. பஞ்சாலையிலே ஏற்றி இறக்குவது துணை வேலை என்றால் ஒப்பலாம். கிடங்கிலே? ஏற்றுவதையும் இறக்குவதையும் எடுத்துவிட்டால் கிடங்கில் மிஞ்சுவது நான்கு சுவரும் ஒரு கூரையுமே. அங்கே ஏற்றி இறக்குவதே பிரதான தொழில் என்பது நம் அபிப்பிராயம். இதை ஸ்பஷ்டமாக முடிவு செய்தால் பட்டியலின் சிக்கலில் பாதி அவிழ்ந்துவிடும்.

முதலாளியின் நியாயம்

"சங்கம் என்றாலே சச்சரவுதானே? அதற்கு நாம் ஏன் வழி வகுக்க வேண்டும்?" என்று நம் நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். தொழில் நடத்துகிறவர்களின் கவலை பொய்யானதல்ல. காலையில் ஒரு சங்கத்தோடு ஒப்பந்தம், மாலையில் மற்றொரு சங்கத்தின் கொடி என்றால் யாரால் தொழில் நடத்த முடியும்? வெளியார் வந்து தங்கள் கட்சிச் சண்டையைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவருகிறார்கள் என்ற புகாரிலும் சிறிது உண்மை உண்டு. ஆனால் இவ்வளவுக்கும் மருந்து அந்த வோட்டுப் பெட்டியே. யாரோடு பேசுவது என்ற சந்தேகத்தை அது தீர்த்துவைக்கிறது. தொழிலாளர்கள் வேண்டாமென்று வோட்டளித்தால் சங்கம் அந்த முடிவுக்குத் தலைவணங்கத்தான் வேண்டும். வேண்டும் என்று சொல்லும் உரிமையைப் போலவே வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் தொழிலாளிக்குச் சொந்தம். மகாத்மா காந்தி 1918-ல் ஆமதாபாத் ஆலைத் தொழிலாளர்களோடு நின்றபோது, முதலாளிகளோடு நட்பை முறித்துக்கொள்ளவில்லை. தகராறைப் பஞ்சாயத்துக்கு விடும்படியே வற்புறுத்தினார். பேசுவதற்கு எதிரே ஓர் ஆள் இருக்கவேண்டும் என்பது அந்த வழிக்கு ஆதாரம்.

ஆகையால் நாம் கேட்பவை மூன்றே. முதலாவது, கூரையின்கீழ் வேலை செய்கிறவர் யாராயிருந்தாலும், கூலி எந்தக் கை வழியாக வந்தாலும், அவர் பெயர் வோட்டர் பட்டியலில் இருக்கவேண்டும். பட்டியலைச் சுவரில் ஒட்டி ஆட்சேபம் கேட்கவேண்டும். இரண்டாவது, தொழிலாளியின் மனத்தை அறிய ரகசிய வோட்டெடுப்பையே கையாள வேண்டும். பெட்டி முதலாளியின் கண்ணுக்கும் சங்கத் தலைவரின் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் இருக்கவேண்டும். மூன்றாவது, முடிவு தெரிந்தபின் பேச்சுவார்த்தை இத்தனை நாளுக்குள் தொடங்கவேண்டும் என்று கெடு வைக்கவேண்டும்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரை மூழ்கடித்தது. பட்டியலில் பெயர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, நிவாரணத்துக்காகக் காத்து நின்ற அத்தகைய ஊர்களின் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அண்டை அயலிலுள்ள கிடங்குகளில் வேலை செய்யும் சகோதர சகோதரிகளுக்கும் அது அப்படியே. நம் தேசத்தில் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும், படித்தவர் படியாதவர், உடையவர் இல்லாதவர் என்ற பேதமின்றி, அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்கும் வோட்டு இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மந்திரிகளை மாற்றவல்ல அதே மனிதர், தம் கூலியைப் பற்றிப் பேசத் தமக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க விரும்பும்போது, "உன் பெயர் எங்கள் பட்டியில் இல்லை" என்று வாசலில் நிறுத்துவது சுதந்திர நாட்டுக்கு அழகாகாது. அந்தப் பெயரை எழுதிச் சேர்ப்பதே முதல் வேலை. வோட்டெடுப்பு அதன் பிறகு தானே நடக்கும்.